கொட்டை காசு கொட்டாய்க்கு

எங்க பக்கம் கொட்டாய்னா ரெண்டு அர்த்தம். ஊருக்குள்ள இல்லாம அவங்கவங்க நெலத்துலயே வீடு கட்டிக்கினு நாலஞ்சு குடும்பம் இருக்கற எடமும் கொட்டாய், சினிமா ஓட்டற எடமும் கொட்டாய் தான். வெளியூர்ல இருந்து வாழ வந்த எங்க சித்தி, கல்யாணம் ஆன முதல் வாரம் சித்தப்பா "கொட்டாய்க்கு போலாம் வா"ன்னு கூப்பிட்டத கேட்டு நல்ல புடவை கட்டி பூ வெச்சிகினு ரெடியா நின்னாங்களாம், அவரு கூப்பிட்டது மாட்டுக்கு தண்ணி காட்ட. இன்னிக்கும் எங்க வீட்டு விசேஷத்துல இத யாராவது ஒருத்தர் எடுத்து விட்டுடுவாங்க.

இப்ப எதுக்கு இந்த கதைன்னா, ஓசூர்ல ஒரு கம்பெனில காண்ட்ராக்ட் வேலை பாத்துகினு இருந்த பக்கத்து வீட்டு பையன, ஆள் குறைக்கறோம்னு போன மாசம் அனுப்பிட்டாங்க. வந்து திண்ணைல உக்காந்து "மாமா, முதல்ல எத நிறுத்தறது, படம் கிடம் எல்லாம் மொத்தமா கட் பண்ணிடலாமா"ன்னு கேட்டான். காசு வறண்ட காலத்த நான் மூணு தடவ பாத்தவன், 82-83 வறட்சி, 2002ல இருந்து 2004 வரைக்கும் மழை ஏமாத்தினது, அப்புறம் கொரோனா. அவன்கிட்ட வாய்ல சொன்னத இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன்.

82ல எனக்கு ஒன்பது வயசு. மத்தூர் பக்கம், அப்ப எல்லாமே தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி தனியா பிரிஞ்சது 2004 பிப்ரவரில தான். எங்களுது மானாவாரி நெலம், கல்லக்கா தான் போடுவோம், அதான் வேர்க்கடலை. மழை வரல, கல்லக்கா செடி மஞ்சளா நின்னு காய் புடிக்காமயே காஞ்சிடுச்சு, கிணத்துல கல்லு தெரிஞ்சது. அப்பா பெங்களூருக்கு கட்டட வேலைக்கு போய்ட்டாரு. அந்த ஜூலைல தான் எம்.ஜி.ஆர் சத்துணவ பெருசா ஆரம்பிச்சிருந்தாரு, அதனால மதியத்துக்கு ஸ்கூல்ல சோறு, ராத்திரிக்கு களி. அம்மா வியாபாரிகிட்ட புளி மூட்டை வாங்கிகினு வந்து வீட்லயே ஓடு எடுத்து நார் உருவி கொட்டை தட்டி கிலோ கணக்குல கூலி வாங்குவாங்க. எங்க பக்கம் புளி சீசன்ல எந்த வீட்டு வாசல்ல பாத்தாலும் நாலு பொம்பளைங்க உக்காந்து டொக்கு டொக்குனு தட்டிகினு தான் இருப்பாங்க, நகக்கண்ணு எல்லாம் எரியும், ஆனா நெழல்ல உக்காந்து செய்யற வேலை.

அந்த டொக்கு டொக்குக்கு நடுவுல ரேடியோ. ஒரு நல்ல கல்லக்கா வருஷத்துல அப்பா வாங்கின ட்ரான்சிஸ்டர், தோல் உறை போட்டது. அந்த காலத்துல ரேடியோ வெச்சிருந்தா வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல லைசென்ஸ் பணம் கட்டணும், இப்ப பசங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டேங்குதுங்க, அத எடுத்ததே எண்பதுகள்ல தான். காலைல ஏழே காலுக்கு டெல்லி செய்தி, சரோஜ் நாராயணசாமி குரல் கேட்டா ஸ்கூலுக்கு கெளம்பற நேரம்னு அர்த்தம், வீட்ல கடிகாரம் கிடையாது. அப்புறம் இலங்கை வானொலி, பொங்கும் பூம்புனல்னு காலைல பாட்டு போடுவாங்க, கே.எஸ்.ராஜா பேசற வேகத்துக்கு எங்க பெரியம்மா புளி தட்டற வேகமும் ஏறும், நெஜமா. சில நாள் பக்கத்து வீட்ல இருந்து பேசற மாதிரி தெளிவா கேக்கும், சில நாள் கடல் அலை மேல மிதந்து வர்ற மாதிரி ஏறி எறங்கும்.

நான் பெரியவனானதும் தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சது, ரேடியோ காதத்தான் கேக்குது, கைய கேக்கறதில்ல. பாட்டு கேட்டுகினே அம்மா ஒரு மூட்டைய முடிச்சிடுவாங்க. பின்னால டிவி வந்தப்ப அதே பொம்பளைங்க அதே வாசல்ல உக்காந்து புளிய கைல வெச்சிகினு தட்டாம திரைய பாத்துகினு இருந்தத நானே பாத்திருக்கேன், அந்த நாள் கூலி அவ்ளோதான். கஷ்ட காலத்துல பொழுதுபோக்கு வேணுமா வேணாமான்னு கேக்கறதுக்கு முன்னாடி, அது என் கைய கட்டிப்போடுதான்னு பாக்கணும். வீட்டு வேலை, தையல், பூ கட்டறது, பேக்கிங் வேலை பண்றவங்களுக்கு இத சொல்றேன், ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேர கூலி இதுலயே நிக்கும்.

செலவுன்னு பாத்தா ரேடியோவுக்கு பேட்டரி கட்டை தான் செலவு. ரெண்டு கட்டை வாங்கற காசுல வீட்ல எல்லாரும் ஒரு தடவ தரை டிக்கெட்ல படம் பாத்துட்டு வந்துடலாம். அதனால அம்மா ஒரு வரிசை வெச்சிருந்தாங்க. புது கட்டை முதல்ல டார்ச் லைட்டுக்கு, ராத்திரி பாம்புக்கு பயந்து வயலுக்கு போக அது கண்டிப்பா வேணும். டார்ச் மங்கினதும் அதே கட்டை ரேடியோவுக்கு. டார்ச் பல்பு கரண்ட நெறைய இழுக்கும், ரேடியோ அவ்ளோ இழுக்காது, அதனால டார்ச்சுக்கு செத்துப்போன கட்டை ரேடியோல இன்னும் கொஞ்ச நாள் பாடும். அதுவும் கம்மிச்சுன்னா வெயில்ல காய வெப்போம், சூடு ஏறினா கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும் (அடுப்பு பக்கத்துல மட்டும் வெக்காதீங்க, எங்க மாமா வெச்சு ஒண்ணு கசிஞ்சு நாசமாச்சு). புது கட்டையோட பழச கலந்து போடக்கூடாது, பழசு புதுசையும் இழுத்துகினு போய்டும். சவுண்ட கொறைச்சு வெச்சா கட்டை நாள் கூட வரும், அதுக்காக அம்மா ரேடியோவ காலி பித்தளை குடத்து வாய்ல வெப்பாங்க, சின்ன சவுண்டே கணீர்னு கேக்கும். ஒரு வாரத்துக்கு மேல கேக்க மாட்டோம்னா கட்டைய கழட்டி வெச்சிடணும், இல்லன்னா தண்ணி விட்டு ஸ்ப்ரிங் பச்சை புடிச்சு, ரிப்பேர்காரன் கைல போனா கட்டை காசு மாதிரி அஞ்சு மடங்கு. ஸ்டேஷன் சரியா கேக்கலன்னா முள்ள திருப்பறதுக்கு முன்னாடி செட்டயே திருப்பி பாருங்க. மீடியம் வேவ்க்கு ஏரியல் உள்ளயே ஒரு கருப்பு குச்சில சுத்தின கம்பியா இருக்கும், அது ஒரு பக்கம் பாத்தா நல்லா புடிக்கும், இன்னொரு பக்கம் பாத்தா புடிக்காது. பொழுது எறங்கினா தூரத்து ஸ்டேஷன்லாம் தானா வரும், ராத்திரில திருச்சி எங்களுக்கு பக்கத்து ஊரு மாதிரி.

சரி கொட்டாய்க்கு வரேன். சந்தைக்கு போற வழில ஒரு டூரிங் டாக்கீஸ், கீத்து போட்டது, தரை மணலு, ஆம்பளை பக்கம் பொம்பளை பக்கம் நடுவுல ஒரு குட்டி செவுரு. சாயங்காலம் கொழாய் ஸ்பீக்கர்ல பாட்டு போடுவாங்க, எங்க நெலம் வரைக்கும் கேக்கும், பாட்டு நின்னா படம் போட்டாச்சுன்னு அர்த்தம், வரப்புல ஓடுவோம். ஒரே மெஷின், அதனால ரீல் மாத்த மூணு நாலு தடவ லைட் போடுவாங்க. முன்னாடி இருக்கறவன் மணல கூட்டி மேடு பண்ணி உக்காந்தா பின்னாடி இருக்கறவன் அத காலாலயே கலைப்பான், சண்டை நடக்கும், அதுக்குள்ள வில்லன் வந்துடுவான்.

வறட்சில இதுக்கு காசு எப்படின்னா, இது எங்க அம்மாவோட கணக்கு. வியாபாரி குடுத்த புளில கொட்டைய அவரே எடுத்துக்குவாரு. ஆனா எங்க வரப்புல சொந்தமா ரெண்டு புளியமரம், அந்த கொட்டை எங்களுது. புளியங்கொட்டைய தனியா வாங்கறதுக்கு ஆள் வருவாங்க, பொடி பண்ணி நூல் ஆலைக்கு கஞ்சி மாதிரி போடறதுக்கு போகும்னு சொல்லுவாங்க. அந்த காசுல அம்மா ராகி வாங்க மாட்டாங்க, கடன் அடைக்க மாட்டாங்க, தனியா ஒரு டப்பாவுல போட்டு வெப்பாங்க. கொட்டை காசு கொட்டாய்க்கு, அவ்ளோதான் கணக்கு. டப்பால இருந்தா படம், இல்லன்னா ரேடியோ. அப்பா ஒரு தடவ பெங்களூர்ல இருந்து வந்து "அதையும் எடுத்து மளிகை கடன கட்டேன்"னு சொன்னதுக்கு அம்மா "மளிகைகாரன் அடுத்த மாசமும் கேப்பான், இதுங்க சின்ன வயசு அடுத்த மாசம் வராது"ன்னாங்க, அப்பா ஒண்ணும் பேசல, அவரே தான் அந்த வாரம் கூட்டிகினு போனாரு.

எல்லா படத்துக்கும் எல்லாரும் போக முடியாது. எங்க கொட்டாய் அஞ்சு வீட்ல இருந்து ஒரு வாரத்துக்கு ரெண்டு பேரு போவாங்க, மறுநாள் புளி தட்டறப்ப அவங்க கதை சொல்லணும், முழுசா, சண்டை சீன் உட்பட. எங்க பெரியம்மா சொன்னா படத்த விட நல்லா இருக்கும், வராத சீன் எல்லாம் சேத்து சொல்லுவாங்க. அதே மாதிரி ரேடியோல ஒலிச்சித்திரம் போடுவாங்க, படத்தோட வசனமும் பாட்டும் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு சுருக்கி. யாரு எங்க நிக்கறாங்கன்னு நாங்களா நெனச்சிக்குவோம். பின்னால அதே படத்த நெஜமா பாத்தப்ப எனக்கு ஏமாத்தமா இருந்தது, நான் நெனச்சிருந்த வீடு இன்னும் பெருசு.

எங்க பொண்ணு காலேஜ்ல ஹிஸ்டரி படிச்சப்ப அவ நோட்ட எடுத்து பாத்தேன், 1929ல அமெரிக்காவுல பங்கு சந்தை விழுந்து 1933ல நாலு பேருக்கு ஒருத்தருக்கு வேலை இல்லாம போச்சாம். அங்கயும் ஜனங்க படத்தையும் ரேடியோவையும் விடல. தியேட்டர்காரங்க டிக்கெட் விலைய கொறைச்சு, ஒரே டிக்கெட்டுக்கு ரெண்டு படம் காட்டி, அதுவும் பத்தாம குறிப்பிட்ட நாள்ல வர்ற பொம்பளைங்களுக்கு ஒரு பீங்கான் தட்டோ கப்போ குடுத்திருக்காங்க, செட்டு சேரணும்னா வாரா வாரம் வரணும்ல, கெட்டிக்காரனுங்க. அப்படியும் நெறைய தியேட்டர் மூடத்தான் செஞ்சிருக்கு. பேங்க் எல்லாம் விழுந்தப்ப அவங்க பிரசிடெண்ட் ரூஸ்வெல்ட் 1933 மார்ச்சுல ரேடியோல பேசி பேங்க்னா என்னன்னு வீட்ல ஒருத்தர் மாதிரி வெளக்கி இருக்காரு. எனக்கு ஆச்சரியம் என்னன்னா விளைபொருள் விலை விழுந்து இங்க விவசாயி தவிச்சதும் அதே காலம் தான், தமிழ் பேசும் படம் வந்ததும் 1931ல தான், நம்ம பக்கத்து சேலத்துல மாடர்ன் தியேட்டர்ஸ் ஆரம்பிச்சதும் 1935ல. காசு இல்லாத காலத்துல போய் இத ஆரம்பிச்சிருக்காங்க பாருங்க.

ரெண்டாவது வறட்சில நான் தான் குடும்பத்துக்கு பெரியவன், அப்பா தவறிட்டாரு. கடன் வாங்கி போர் போட்டேன், புகை தான் வந்துச்சு. 2003ல நானும் பெங்களூருக்கே கட்டட வேலைக்கு போனேன், ஆறு பேரு ஒரு ரூம்ல. இந்தியாவோட முதல் தனியார் எஃப்எம்மே 2001ல பெங்களூர்ல தான் வந்தது, ரேடியோ சிட்டி, எங்களுக்கு பாஷை பாதி புரியாது, ஆனா சாரத்துல நின்னு பூச்சு வேலை பண்றப்ப யாராவது ஒருத்தன் செட்ட கம்பில மாட்டி விட்டுடுவான். அது வரைக்கும் சரி. ஞாயித்துக்கெழமை தான் என் புத்தி போச்சு. புதுப்படம் முதல் வாரமே பாக்கணும், ப்ளாக்ல டிக்கெட், போறதுக்கு ஆட்டோ, படம் முடிச்சு பிரியாணி, அப்புறம் சொல்லணுமா, ஒரு கட்டிங். ஊருக்கு பணம் கம்மியா போகுதுன்னு அம்மா ஃபோன்ல ஒண்ணும் கேக்கல, கேக்காததே உறுத்திச்சு. ஒரு மாசம் சின்ன நோட்டுல எழுதினேன். படத்துக்கு குடுத்த காசு ஒரு பங்குன்னா அத சுத்தி போனது நாலு பங்கு. என்ன கெடுத்தது படம் இல்லன்னு அந்த நோட்டு தான் காட்டிச்சு. அப்புறம் மூணாவது வாரம் கவுண்டர் டிக்கெட்ல மார்னிங் ஷோ, நடந்து போறது, சாப்பாடு ரூம்ல வந்து. ப்ளாக்ல பாத்த படமும் மூணாவது வாரம் பாத்த படமும் ஒரே படம் தாங்க, முடிவு மாறறதில்ல. மார்னிங் ஷோவுல இன்னொரு லாபம், வெளிய வந்தா மதியம், அந்த நேரத்துல கூட்டாளி எவனும் கடைக்கு கூப்பிட மாட்டான்.

அடுத்த முட்டாள்தனம் 2006. மழை வந்து கொஞ்சம் நிமிந்ததும் தவணைல ஒரு கலர் டிவி எடுத்தேன். வட்டியே இல்லன்னு கடைல சொன்னாங்க, ஆனா ஃபைல் சார்ஜ், முதல் ரெண்டு தவணை முன்பணம், ஒரு நாள் லேட்டுக்கு அபராதம்னு கூட்டினா வட்டிய விட மேல. நான் தவணை கட்டிகினு இருக்கறப்பவே கவர்மெண்ட்ல இலவச கலர் டிவி குடுக்க ஆரம்பிச்சு எங்க ஊருக்கும் வந்துடுச்சு. ரெண்டு டிவி ஒரு வீட்ல, ஒண்ணு சும்மா வந்தது, ஒண்ணுக்கு நான் மாசா மாசம் அழுதுகினு இருந்தேன். பொழுதுபோக்குக்கு தவணை மட்டும் வேணாங்க. தவணைன்றது மழை பேஞ்சாலும் பேயலன்னாலும் வந்து கதவ தட்டும், ஆனா டப்பா காலியா இருந்தா சும்மா இருக்கும்.

2020. மார்ச் 17ல தமிழ்நாட்டுல தியேட்டர் மூடினாங்க, அடுத்த வாரம் எல்லாத்தையும் மூடினாங்க, தியேட்டர் தெறந்தது நவம்பர் 10, அதுவும் பாதி சீட்டு. எங்க பையன் ஓசூர்ல இருந்து நடந்தும் லாரில ஏறியும் வந்து சேந்தான். வாங்க ஆள் இல்லாம தோட்டத்துல தக்காளி அழுகிச்சு. வீட்ல அஞ்சு பேருக்கு நாலு ஃபோன், நாலுக்கும் தனித்தனி ரீசார்ஜ். 28 நாள் பிளான்னு போட்டா வருஷத்துக்கு 12 இல்ல, 13 தடவ கட்டறோம், இத உக்காந்து எழுதி பாத்தப்ப தான் எனக்கே தெரிஞ்சது. ரெண்டு ஃபோனுக்கு மட்டும் நெட்டு, மத்த ரெண்டும் பேச மட்டும்னு மாத்தினோம், முதல் வாரம் வீட்ல ஒரே சண்டை. பரண்ல இருந்து ரேடியோவ எறக்கினேன். ஸ்ப்ரிங்க உப்புத்தாள்ல தேய்ச்சு கட்டை போட்டா தர்மபுரி ஆகாசவாணி 102.5 கணீர்னு. ஃபோன்ல எஃப்எம் கேக்கறவங்களுக்கு ஒண்ணு, இயர்ஃபோன் சொருகினா தான் அது கேக்கும், அந்த ஒயரு தான் அதுக்கு ஏரியல், நெட்டு ஒரு சொட்டு செலவாகாது. ஆனா இப்ப வர்ற நெறைய ஃபோன்ல அந்த எஃப்எம் இல்ல, வாங்கறப்பவே கேட்டுக்குங்க. நெட்டுக்கு எங்க அம்மா பழைய முறைய கொண்டு வந்தாங்க, நாட்டுக்கோழி முட்டை வித்த காசு ரீசார்ஜுக்கு. முட்டை வந்தா நெட்டு. எங்க பையன் கோழிக்கு தீனி போட ஆரம்பிச்சது அப்ப தான், அதுக்கு முன்னாடி கோழி எங்க அடையுதுன்னே தெரியாது அவனுக்கு.

திண்ணைல உக்காந்தவன்கிட்ட இதெல்லாம் சொல்லிட்டு, மொத்தமா நிறுத்தாதன்னேன். மொத்தமா நிறுத்தினவங்க ரெண்டு மாசத்துல சலிச்சு ஒரே நாள்ல மொத்தமா செலவு பண்றத பாத்திருக்கேன், நானே பண்ணியிருக்கேன். உனக்குன்னு ஒரு கொட்டை காசு இருக்கும் பாரு, பழைய பேப்பரோ முட்டையோ ஞாயித்துக்கெழமை கேட்டரிங் வேலையோ, அதுக்குள்ள நில்லு, சம்பள காசு வந்தாலும் அந்த டப்பாவுல போடாதன்னேன். தலைய ஆட்டினான், என்ன பண்றான்னு தெரியல.

இந்த வருஷம் ரெண்டு மரமும் நல்லா காச்சிது. கொட்டை வித்த காச அம்மா எண்ணி பாத்துட்டு பேத்திகிட்ட "கொட்டாய்க்கு போலாமா"ன்னாங்க. கிருஷ்ணகிரில ஏசி தியேட்டர். டிக்கெட் வரைக்கும் டப்பா தாங்கிச்சு. இடைவேளைல பாப்கார்ன் விலைய பாத்துட்டு நான் பேசாம திரும்பி வந்துட்டேன். வெளிய இருந்து சாப்பாடு கொண்டு வரக்கூடாதுன்னு தியேட்டர்காரங்க சொல்லலாம்னு 2023ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, ஆனா குடிதண்ணி மட்டும் இலவசமா குடுத்தே ஆகணும்னும் சொல்லியிருக்கு, அத கேட்டு வாங்குங்க, பாட்டில் வாங்காதீங்க. நான் தண்ணி புடிச்சிகினு வந்து உக்காந்தேன். லைட் அணைஞ்சு கொஞ்ச நேரத்துல பக்கத்துல இருந்து ஒரு கை வந்து என் கைய தேடிச்சு. அம்மா மடில இருந்து வறுத்த கல்லக்கா. கேட்டுல பைய எல்லாம் தொறந்து பாத்தாங்க, எழுபத்தஞ்சு வயசு கெழவி மடிய யாரு பாக்க போறாங்க. சட்டம் பேச வாய தொறந்தேன், "ஓட்ட கீழ போடாதடா, என்கிட்ட குடு"ன்னு மடிய விரிச்சாங்க.